ரேடியேட்டரில் என்ன தண்ணீர்?

கார்த்திகை பிறந்துவிட்டால் திருமங்கலம்–கொல்லம் சாலையில் பழைய டீசல் வண்டிகளின் ஊர்வலம் தொடங்கிவிடும். சபரிமலைக்கு மாலை போட்ட எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுமோ, ஆறு பேரோடு ஒரு அம்பாசடர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, ராஜபாளையத்தில் ஒரு டீ. செங்கோட்டை வரை ஏறக்குறையச் சமதரைதான், வண்டியும் முனகாமல் வரும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போதுதான் ஒவ்வொன்றாக ஓரங்கட்டும். பானெட் தூக்கியிருக்கும், ஆவி பறக்கும், கேனோடு ஒருவர் நிற்பார். “கொதிச்சிருச்சு சாமி” என்பார் டிரைவர், மலைதான் குற்றவாளி என்பதுபோல.

மலை செய்தது கடைசித் தள்ளல் மட்டும். நோய் ஏறியது சொந்த ஊரில், வீட்டு வாசலில், போர்த் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் குடத்திலிருந்து. பழைய டீசல் காரின் குளிர்விப்பு அமைப்பை வடித்துக் கழுவுவது பற்றி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்ப் பட்டறைகளிலும் ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: எப்படிக் கழுவுவது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, கழுவியபின் எதை ஊற்றுவது என்பதில் நாம் காட்டுவதில்லை.

பழைய டீசல் கார் என்று நான் சொல்வது எவற்றை? 1489 சிசி டீசல் எஞ்சின் பூட்டிய அம்பாசடர், 1994-ல் வந்த டாடா சுமோ, 1998 கடைசியில் அறிமுகமான இண்டிகா, பியூஜியட் எஞ்சின் வைத்த மகிந்திரா ஜீப்புகள். கடைசி அம்பாசடர் 2014 மே மாதத்தோடு உத்தர்பாராவில் நின்றுபோனது. டெல்லியில் பத்து வயதைக் கடந்த டீசல் வண்டி சாலைக்கு வரக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. நம் பக்கம் அந்தக் கெடுபிடி இல்லை. பதினைந்து வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம். அதனால் மில் அதிபர் வாங்கிய வண்டி கைமாறிக் கைமாறி, இன்று காய்கறி ஏற்றிக்கொண்டும் ஓடுகிறது. என்னுடையது 1994-ன் அம்பாசடர் நோவா. அப்பா விட்டுப்போனது.

இந்த எஞ்சின்களில் ஒரு பொதுக் குணம். பெரும்பாலானவை டீசலை நேராக சிலிண்டருக்குள் பீச்சாமல், தலைப்பகுதியில் உள்ள ஒரு சிற்றறையில் பீச்சி எரியவைப்பவை. இந்த மறைமுகப் பீச்சைக் குறிக்கும் ஐ.டி.ஐ. என்ற எழுத்துகள் இண்டிகா எஞ்சினின் பெயரிலேயே உண்டு. தீ அந்தச் சிற்றறையின் சுவரை உரசிக்கொண்டு வருவதால், நேரடிப் பீச்சு எஞ்சினைவிடக் கூடுதல் வெப்பம் தண்ணீருக்குள் இறங்கும். அழுத்த விகிதமும் இருபதுக்கு மேல். அதாவது இந்த வண்டிகளில் தண்ணீர் பிறந்ததிலிருந்தே அதிக சுமை தூக்குகிறது. அதன் வழியில் கொஞ்சம் அடைப்பு விழுந்தாலும் தாங்க இடமில்லை.

அடைப்பு எப்படி விழுகிறது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கவே வேண்டாம். பால்கோவா அடுப்பைப் பார்த்தால் போதும். பால் சுண்டச் சுண்ட, போவது நீர் மட்டும். பாலில் இருந்த மற்றதெல்லாம் சட்டியில் தங்கும். ரேடியேட்டரும் அப்படியொரு சட்டி. மூடியின் வழியாக ஆவியாகப் போவது சுத்தமான நீர். வாரம் ஒரு லிட்டர் என்று நாம் மேலே ஊற்றுவதோ உப்போடு கூடிய நீர். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர்த் தண்ணீர் என்றால், வருடத்துக்கு 52 லிட்டரில் முப்பது கிராமுக்கு மேல் சுண்ணாம்பு உள்ளே போகிறது. எல்லாமே படிந்துவிடாது, கொஞ்சம் நீராகவே வழிந்தும் போகும். பாதி படிந்தாலே பதினைந்து கிராம். அது சீராகப் பரவாமல், எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது சிலிண்டர் தலையைச் சுற்றித்தான் முதலில் பற்றும். சுண்ணாம்புப் படிவம் வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்குப் பல மடங்கு பின்தங்கியது. ஒரு மில்லிமீட்டர் படிந்தால், சுவர் சில சென்டிமீட்டர் தடித்துவிட்டது மாதிரி. மீட்டரில் முள் இயல்பாக நிற்கும், ஹெட் மட்டும் உள்ளுக்குள் வேகும்.

‘குடிக்கிற தண்ணிதானே ஊத்துறோம்’ என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி. ஆனால் கனரக டீசல் எஞ்சினுக்கான அமெரிக்கத் தர ஏடுகள் கூலண்டில் கலக்கும் தண்ணீருக்கு வைக்கும் எல்லை 170. குளோரைடு 40-ஐத் தாண்டக்கூடாது. மனிதக் குடல் தாங்குவதை எஞ்சின் தாங்காது.

இங்கேதான் நம் வட்டாரத்தின் அதிர்ஷ்டமும் அசட்டையும் ஒன்றாகத் தெரியும். மேற்கே மலை. அய்யனார் கோவில் ஆற்றில் வருவது பாறையில் வழிந்த மழைநீர். உப்பு ஏற அதற்கு அவகாசம் கிடையாது. அந்த நீர்தான் ஆறாவது மைல் தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. செண்பகத்தோப்பு ஓடையும் அதே ஜாதி. சோப்பு போட்டால் நுரைத்துக்கொண்டு வரும். அங்கிருந்து கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போகப் போக, போரில் இறைப்பது வாளியின் உட்புறம் வெள்ளை வளையம் போடுகிற தண்ணீர். பழைய டிரைவர்கள் இதை அறிந்தவர்கள். மலையடிவாரத்துக்குச் சவாரி போனால் இரண்டு கேன் பிடித்துவந்து வைப்பார்கள். இப்போது குழாய்த் தண்ணீர் குடிக்க, போர்த் தண்ணீர் புழங்க என்று வீட்டிலேயே பிரிந்துவிட்டது. கார் எப்போதும் ‘புழங்க’ என்ற பக்கத்தில் விழுகிறது.

வேறு ஆலோசனைகளும் உண்டு. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது என்பார்கள். உப்புக்கு நல்லதுதான், ஆனால் கொஞ்சம் அமிலச் சாய்வு; தனியாக ஊற்றினால் இரும்பை அரிக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரும் தனியாக நின்றால் துருவைத் தடுக்காது. ஏ.சி. குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். அதில் உப்பு குறைவு, தூசியும் செம்பு அலுமினியத் துகளும் உண்டு, அவசரத்துக்குப் பாவமில்லை. மில்லில் ஜெனரேட்டர் பார்த்தவர்கள் சாஃப்ட்னர் தண்ணீரைச் சொல்வார்கள். அந்த இயந்திரம் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. படிவம் நிற்கும்; குளோரைடு அப்படியே இருக்கும். பாய்லருக்குச் சரி, அலுமினிய ஹெட்டுக்கு அரைகுறை. என் கணக்கில் முதலிடம் வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. வழியில்லாத நாளில் ஆற்றுக் குழாய்த் தண்ணீர். போர்த் தண்ணீருக்கு வரிசையில் இடமே இல்லை.

சரி, வடிப்பது எப்படி?

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இதைச் சொல்லித்தான் தீரவேண்டும். முகத்திலும் கையிலும் வெந்த தழும்போடு பட்டறைக்குப் பட்டறை ஓர் ஆள் இருக்கிறார். மூடி சும்மா இல்லை, உள்ளே அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். ஏழு பவுண்டு மூடியில் தண்ணீர் 111 டிகிரியில்தான் கொதிக்கும். சூட்டில் திறந்தால் அந்த 111 டிகிரித் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, மீதியையும் தள்ளிக்கொண்டு பாயும்.

ரேடியேட்டர் அடியில் ஒரு சின்னக் குழாய்மூடி இருக்கும். அதைத் திறந்துவிட்டு ‘வடிஞ்சிருச்சு’ என்று சொல்வதுதான் பரவலான தவறு. அதில் வருவது ரேடியேட்டர்த் தண்ணீர் மட்டும். எஞ்சின் பிளாக்குக்குள் நிற்பது, அடியில் தேங்கிய சகதியோடு, அங்கேயே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் தனி வடிகுழாயோ போல்ட்டோ உண்டு. என் நோவாவில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் இல்லை என்று நினைத்து மூடப்போனேன். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணாச்சி சிரித்தார். “தம்பி, அது வத்தலை, அடைச்சிருக்கு. கம்பியை விட்டுக் குத்துங்க.” சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து விட்டு ஆட்டினேன். முதலில் பொட்டுப் பொட்டாகக் கறுப்புக் கூழ், பிறகு பொசுக்கென்று உடைத்துக்கொண்டு காவி நிறத் தண்ணீர். இருபது வருடக் கருப்பட்டிக் காப்பி. என் சட்டையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

வந்ததை அளந்து வைக்க வேண்டும். கையேட்டில் ஒன்பது லிட்டர் என்றிருந்து ஆறுதான் வந்தது என்றால், மூன்று லிட்டர் பழையது உள்ளே இருக்கிறது என்று பொருள். நிறத்தையும் பார்க்க வேண்டும். காவி என்றால் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஆயில் காட்டும் குச்சியில் மோர் போல வெளுத்துத் தெரிந்தாலும் கழுவுவதை அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, டாப் ஹோஸ், பாட்டம் ஹோஸ் இரண்டையும் பிரித்து, ரேடியேட்டரைத் தனியாகவும் பிளாக்கைத் தனியாகவும் கழுவ வேண்டும். ஓடுகிற திசையிலேயே தண்ணீர் விட்டால் அடைப்பு இன்னும் இறுகும். எதிர்த்திசையில், அதாவது ரேடியேட்டரில் கீழிருந்து மேலாக விட்டால், குழாய் வாயில் சிக்கியது வந்த வழியே வெளியே வரும். பட்டறையில் காற்றும் சேர்த்து அடிப்பார்கள். பழைய ரேடியேட்டருக்கு முழு வேகக் காற்று ஆகாது; ஈயப்பற்று பிரிந்துவிடும். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதன் குழாயையும் திறந்துவைக்க வேண்டும். நம் வெயிலில் யாரும் அதைத் தொடுவதில்லை. அதனாலேயே ஊரின் பழைய சகதியெல்லாம் அதில்தான் குடியிருக்கும்.

வெறும் நீருக்குத் துரு அசையும், சுண்ணாம்பு அசையாது. அதற்கு அமிலம். இதில்தான் அதிகச் சண்டை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலந்து ஊற்றுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு கரையும், கூடவே ஈயப்பற்றும், வாட்டர் பாடி என்கிற தண்ணீர் பம்ப்பும், அலுமினியமும் கரையும். காஸ்டிக் சோடா அலுமினியத்துக்கு அதைவிட எமன். நிதானமான வழி சிட்ரிக் ஆசிட், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். பழைய மெர்சிடிஸ் டீசல்களை வைத்திருப்பவர்கள் உலகெங்கும் நெடுங்காலமாகப் பின்பற்றுவது இதைத்தான். நான் பத்து லிட்டருக்கு அரைக் கிலோ கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடேற்றி அரைமணி ஓட்டி, ஆறவிட்டு வடித்தேன். என்னுடையது முழுக்க வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட் உள்ள வண்டிக்கு அளவையும் நேரத்தையும் பாதியாக்குவேன். பிறகு ஆப்பசோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, தெளிந்து வரும் வரை அலச வேண்டும். கேஸ்கட் வேலை முடிந்த வண்டியில் எண்ணெய் எஞ்சியிருந்தால் அமிலத்துக்கு முன்பே சோப்புக் கழுவல். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அமிலம் வேலை செய்யாது.

இதற்கும் மசியாத ரேடியேட்டர் உண்டு. செம்பு பித்தளையில் செய்த பழையது என்றால் கவலையில்லை. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்க்கை அனல் காட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை விட்டு இழுத்து, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் டேங்க்கைக் கவ்விவைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வைத்தியம் செல்லாது, மாற்றத்தான் வேண்டும். இந்தக் கம்பி விடும் வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. புது வண்டி வாங்கியவர்களுக்கு இது நஷ்டமில்லை, எனக்கு நஷ்டம்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடலாமா? “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே, கழட்டி வீசுங்க.” இந்த யோசனையை இரண்டு ஊரிலும் கேட்டிருக்கிறேன், நல்ல கைகாரர்களிடமிருந்தே. அவர்கள் அனுபவத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. உப்பு பிடித்து மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், பல எஞ்சின்களை அவர்கள் கண்முன்னே கொன்றிருக்கிறது. ஆனாலும் நான் போடுகிற கட்சி. ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கும் அந்த வால்வு இல்லையென்றால் எஞ்சின் நீண்ட நேரம் குளிர்ந்தே ஓடும். டீசல் சரியாக எரியாது, கரி சேரும், தேய்மானம் கூடும். இன்னொரு வினை பலருக்குத் தெரியாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும் அடித்தட்டும் அதிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் பக்கவழி நிரந்தரமாகத் திறந்துகொண்டு, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றியவர், மலை ஏறும்போது கூடுதல் சூட்டில் நிற்பார். சோதிப்பது எளிது: பாத்திரத்தில் தண்ணீர் வைத்து வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டும். திறந்தால் போடலாம், திறக்காவிட்டால் புதிது வாங்கலாம்.

கூலண்ட் பச்சையா சிவப்பா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. நிறம் கம்பெனி போடும் சாயம். அதற்கு உலகப் பொது விதி கிடையாது. உள்ளே இருக்கும் துருத்தடுப்பு எந்த வகை என்பதுதான் முக்கியம். ஐரோப்பாவில் கடின நீர் அதிகம் என்பதால் பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். அது சுண்ணாம்போடு சேர்ந்து படியும். ஜப்பானியர்கள் பம்ப் சீல் தேயும் என்று சிலிகேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். போர்த் தண்ணீர் ஊருக்கு எது பொருந்தாது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். இரண்டு வகையைக் கலந்தால் சிலவேளை கூழாகத் திரளும். நம் ஊரில் குளிர்காலம் கிடையாதே, கூலண்ட் எதற்கு என்பவர்களுக்கு: உறைவதைத் தடுப்பது அதன் பாதி வேலைதான். கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும், துருவைத் தடுப்பதும் மறுபாதி. லாரி, டிராக்டர் போன்ற ஈர லைனர் எஞ்சின்களில் அதற்கு இன்னொரு வேலை. லைனர் அதிர்ந்து அதிர்ந்து வெளிச்சுவரில் குமிழிகள் வெடித்துக் குழி பறிக்கும். சரியான தடுப்புச் சேர்க்கை இல்லாவிட்டால் ஒருநாள் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் ஆயிலில் இறங்கும்.

நிரப்பும்போது ஒரு கணக்கு தவறிவிடும். அலசிய தண்ணீர் பிளாக்கில் மூன்று லிட்டர் நிற்கிறது. அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்ததை ஊற்றினால் உள்ளே சேரும்போது அது மூன்றில் ஒரு பங்காக நீர்த்துவிடும். கடைசி அலசலை வடித்த நீரில் செய்துவிட்டு, மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலண்டாகவே முதலில் ஊற்றி, மீதியை வடித்த நீரால் நிரப்பினால் கணக்கு நேராகும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, மூடி திறந்தபடி ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மறுபடி ஊற்ற வேண்டும். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது காற்றல்ல, சிலிண்டர்ப் புகை. கேஸ்கட் போயிருக்கிறது, எத்தனை முறை கழுவினாலும் அந்த வண்டி கொதிக்கும். கழுவலில் தீராத சூடு இன்னும் உண்டு: தளர்ந்த ஃபேன் பெல்ட், இறக்கை தேய்ந்த வாட்டர் பாடி, உறிஞ்சும்போது சப்பையாகும் பழைய பாட்டம் ஹோஸ், ரேடியேட்டர் முகத்தில் அப்பிய பஞ்சுத் தூசி. மில் வாசலில் நிறுத்தும் வண்டிகளுக்குக் கடைசியில் சொன்னது நிஜமான நோய்.

வடித்ததை எங்கே கொட்டுவது என்ற கேள்வியை எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. வாசல் சாக்கடைதான் பதில். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. நாய் நக்கிக் குடிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நான்கைந்து மில்லி கலப்பில்லாமல் உள்ளே போனால் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிகங்கள் அடைத்துச் சாகும். இருபத்தைந்து கிலோ ராஜபாளையம் நாய்க்கு அரை டம்ளருக்குச் சற்று மேல் போதும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனம், சொந்த ஊரில் பட்டறை வாசலில் விழுவதற்கு அவ்வளவே தேவை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எங்கே ஈரம் கண்டாலும் நாக்கை நீட்டுகிற ஜன்மம்.

அதனால் முந்தைய கழுவலில் வடித்த பச்சைத் தண்ணீர் ஏழு லிட்டரையும் பழைய ஆயில் கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, கார் ஷெட்டில் உயரப் பரணில் வைத்திருக்கிறேன். ஆயில் வாங்க வருகிற பழைய சாமான்காரரிடம் கேட்டேன். “இதுல என்ன இருக்குண்ணே, தண்ணிதானே” என்று சொல்லிவிட்டு, பழைய ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.